கீமோ நடக்கும்போது மனைவி சாப்பிடாம எரிஞ்சு விழுந்தா, மனசு விட்டுட்டாங்கன்னு அர்த்தமா?

நீங்க கேட்டத என் வார்த்தைல ஒருதடவ சொல்லிடறேன், தப்பா புரிஞ்சிருந்தா திருத்துங்க. வொய்ஃபுக்கு மார்பகப் புற்றுநோய், ஆபரேஷனுக்கு முன்னாடி கீமோ, 21 நாளுக்கு ஒருதடவ ஏசிங்கற கீமோ மருந்து, 4 சைக்கிள்ல (ஒருதடவ மருந்து ஏறி அடுத்தது ஏறற வரைக்கும் ஒரு சைக்கிள்) 2 முடிஞ்சிருக்கு, அதுக்கப்புறம் வாரம் ஒண்ணுன்னு 12 தடவ பாக்லிடாக்சல்ங்கற இன்னொரு கீமோ மருந்து. சரியா சாப்பிடறதில்ல, பகல்லயே தூங்கறாங்க, நீங்க பக்கத்துல போய் ஏதாவது சொன்னா எரிஞ்சு விழறாங்க. எப்படி தைரியம் குடுக்கறதுன்னு கேட்டிருக்கீங்க. ஆனா கடைசில ஒரு வரி போட்டிருக்கீங்களே, "இவ மனசளவுல விட்டுட்டாளோன்னு பயமா இருக்கு"ன்னு, உங்க கேள்வி அதுதான்னு நான் எடுத்துக்கறேன். தைரியம் குடுக்கறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

நான் 14 வருஷமா கீமோ டேகேர் வார்டுல நர்ஸ். டாக்டர் இல்ல, உங்க வொய்ஃபோட ரிப்போர்ட்ட நான் பாக்கல, அதனால மருந்து மாத்தறது, நிறுத்தறது, டோஸ் குறைக்கறது எதுவும் என் பேச்ச கேட்டு பண்ணாதீங்க. இன்னொண்ணும் ஒத்துக்கணும், என் வீட்ல யாருக்கும் இது வந்ததில்ல. காலைல 8 மணிலருந்து சாயங்காலம் வரைக்கும் சேர்ல உக்காந்திருக்கறவங்களயும் பக்கத்து ஸ்டூல்ல உக்காந்திருக்கற புருஷனையோ பொண்டாட்டியையோ தான் நான் பாத்திருக்கேன். ராத்திரி 2 மணிக்கு அந்த வீட்டுக்குள்ள எப்படி இருக்கும்ங்கறது அவங்க வந்து சொல்லித்தான் எனக்கு தெரியும்.

முதல்ல உங்க பயத்துக்கு வர்றேன். நீங்க எழுதினதுல எதுவுமே "விட்டுட்டாங்க"ன்னு எனக்கு காட்டல. ஏசி எடுக்கறவங்களுக்கு நாங்க குடுக்கற மருந்து சீட்ட வச்சு பாத்தா நீங்க சொன்ன ஒவ்வொண்ணுக்கும் அதுல ஒரு காரணம் உக்காந்திருக்கு. ஏசிங்கறது டாக்ஸோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு ரெண்டும் சேந்தது, ரொம்ப வாந்தி வரவைக்கற கூட்டணி, அதனால வாந்திய தடுக்க மூணு நாலு மருந்து ஒண்ணா போகும். அதுல ஒண்ணு டெக்ஸாமெதசோன், ஸ்டீராய்டு. இது உள்ள போனா ராத்திரி தூக்கம் வராது, மனசு படபடன்னு ஓடும், சின்ன விஷயத்துக்கு சுர்ருன்னு கோவம் வரும், முகம் சிவக்கும். மூணு நாலு நாள் குடுத்துட்டு நிறுத்துவாங்க, நிறுத்தின மறுநாள் ஆளு அப்படியே சரிஞ்சிடுவாங்க, அழுகை, சோர்வு, உடம்பு வலி எல்லாம் ஒண்ணா வரும். இன்னொண்ணு ஒலான்சபின், வாந்திக்கு நல்லா கேக்கும், ஆனா தூக்கம் தள்ளும், சிலருக்கு மறுநாள் மத்தியானம் வரைக்கும் கண்ணே திறக்க முடியாது. ஒன்டான்செட்ரான் வாந்திய நிறுத்தும், கூடவே மலச்சிக்கலும் தலைவலியும் குடுக்கும். அப்புறம் வெள்ளை அணுக்கள ஏத்த ஒரு ஊசி போட்டிருந்தா இடுப்பெலும்பு, நெஞ்செலும்பெல்லாம் உள்ளருந்து குடையற மாதிரி வலிக்கும். இப்ப சொல்லுங்க, ரெண்டு நாள் தூங்காம, நாலு நாள் வயிறு போகாம, எலும்பு வலியோட, பாதி மயக்கத்துல இருக்கற ஒரு மனுஷிகிட்ட போய் "கொஞ்சம் தைரியமா இரும்மா"ன்னு சொன்னா என்ன பதில் வரும்?

அதனால நான் எல்லா வீட்டுக்காரங்ககிட்டயும் சொல்றது ஒரு நோட்டு போடுங்கன்னு. தேதி போடாதீங்க, சைக்கிளோட எத்தனாவது நாள்னு போடுங்க, கீமோ ஏறின நாள் 1. பக்கத்துல தூக்கம், வாந்தி எத்தனை தடவ, வயிறு போச்சா, காய்ச்சல், வலி, எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, கடைசில ஒரு வார்த்தைல மூடு எப்படி இருந்துது. ரெண்டு சைக்கிள் எழுதினாலே ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பிச்சிடும். எங்ககிட்ட வந்த ஒருத்தர் இப்படி எழுதிட்டே வந்து, அவர் வொய்ஃப் ஒவ்வொரு தடவையும் 5வது நாள் சாயங்காலம் காரணமே இல்லாம அழறாங்கன்னு கண்டுபிடிச்சார். மூணாவது சைக்கிள்ல 4வது நாள் ராத்திரியே "நாளைக்கு உன் அழுகை நாள், நான் ஆபீஸ் லீவு போட்டுட்டேன்"னு சொல்லியிருக்கார், அந்தம்மா சிரிச்சிட்டாங்களாம். அழுகை நிக்கல, மறுநாள் அழுதாங்கதான், ஆனா ரெண்டு பேரும் பயப்படல. உங்க வொய்ஃப் மனசுக்குள்ள என்ன ஓடுதுன்னு யோசிக்கறதுக்கு முன்னாடி அந்த நோட்டப் பாருங்க, இன்னிக்கு எத்தனாவது நாள்னு.

இதுல ஒரு விஷயம் மட்டும் மத்த எல்லாத்தையும் விட அவசரம், காய்ச்சல். ஏசி ஏறினதுக்கப்புறம் வெள்ளை அணுக்கள் இறங்கிட்டே போய் கிட்டத்தட்ட 10லருந்து 14 நாளுக்குள்ள அடிமட்டத்துக்கு வரும், 21வது நாளுக்குள்ள பொதுவா ஏறிடும், அதனாலதான் 21 நாள் இடைவெளி. அந்த அடிமட்டத்துல ஒரு கிருமி உள்ள வந்தா சீழ் கட்ட, வீங்க, சிவக்கவே உடம்புல ஆள் இருக்காது, காய்ச்சல் மட்டும்தான் ஒரே அடையாளமா இருக்கும், சில சமயம் அதுகூட இருக்காது, வெறும் குளிர் நடுக்கம் மட்டும். 38 டிகிரி செல்சியஸ், ஃபாரன்ஹீட்ல 100.4, இத தொட்டாலே உடனே ஆஸ்பத்திரிக்கு போன், அவங்க வரச்சொன்னா கிளம்பணும், நடுராத்திரியா இருந்தாலும். சில இடத்துல 38.3னு சொல்வாங்க, உங்க டாக்டர் குடுத்த நம்பர் எதுவோ அத எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டுங்க, நம்பரே குடுக்கலன்னா 38ன்னு வச்சுக்கங்க. நெத்தில கைய வச்சு பாக்கறது வேலைக்காகாது, டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒண்ணு கட்டில் பக்கத்துலயே இருக்கட்டும், அக்குள்ல வச்சா கொஞ்சம் கம்மியா காட்டும்ங்கறதையும் ஞாபகம் வச்சுக்கங்க. முக்கியமா, எலும்பு வலிக்கு பாராசிட்டமால் குடுக்கறதுக்கு முன்னாடி ஒருதடவ காய்ச்சல் பாத்து எழுதிட்டு குடுங்க, ஏன்னா அந்த மாத்திரை காய்ச்சலையும் மறைச்சிடும், டெக்ஸாமெதசோனும் மறைக்கும்.

இத இவ்வளவு நீட்டி சொல்றதுக்கு காரணம் இருக்கு. ஒரு தடவ ஒருத்தர் ராத்திரி 11 மணிக்கு 101 பாத்திருக்கார், வொய்ஃப் "வேணாங்க, காலைல போலாம், இப்ப போனா அட்மிட் பண்ணிடுவாங்க"ன்னு கெஞ்சியிருக்காங்க, இவரும் பாவம் தூங்கட்டும்னு ஒரு பாராசிட்டமால் குடுத்துட்டு விட்டுட்டார். காலைல 6 மணிக்கு கொண்டு வரும்போது பிபி இறங்கி, பேச்சு குழறி, நேரா ஐசியூ. பொழச்சு வந்தாங்க, ஆனா அந்த மனுஷன் அதுக்கப்புறம் என் முகத்த நேரா பாத்து பேசவே பல வாரம் ஆச்சு. மத்த எல்லா விஷயத்துலயும் அவங்க வேணாம்னா விட்டுடுங்க, இந்த ஒண்ணுல மட்டும் விடாதீங்க. உடம்பு நல்லா இருக்கற நாள்லயே பேசி வச்சுக்கங்க, "38 வந்துட்டா நீ என்ன சொன்னாலும் நான் வண்டிய எடுத்துடுவேன்"னு. எமர்ஜென்சி வாசல்ல போய் நின்னதும் முதல் வாக்கியமே "கீமோ ஓடுது, இன்னிக்கு 10வது நாள், காய்ச்சல்"னு இருக்கணும், மத்த கதையெல்லாம் பின்னாடி. வந்த ஒரு மணி நேரத்துக்குள்ள ஆன்டிபயாடிக் உள்ள போகணும்ங்கறதுதான் அங்க இலக்கு, நீங்க அந்த வாக்கியத்த சொல்லலன்னா சாதா ஜுரம்னு வரிசைல உக்கார வச்சிட வாய்ப்பிருக்கு.

காய்ச்சல் தவிர, 24 மணி நேரம் தண்ணிகூட வயித்துல தங்கலன்னா, மூச்சு வாங்கினா, நெஞ்சு வலிச்சா, ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சா, பேதி நிக்காம போனா, ரத்தம் கசிஞ்சா, இதுக்கெல்லாமும் போன் பண்ணுங்க. தொந்தரவு பண்றோமோன்னு யோசிக்கவே யோசிக்காதீங்க. கீமோ ஏறின ரெண்டு நாள் சிறுநீர் சிவப்பா போனா அது பெரும்பாலும் டாக்ஸோரூபிசினோட நிறம், மருந்தே அந்த கலர்தான், அதுக்கு பயப்பட வேணாம், ஆனா அதுக்கப்புறமும் சிவப்பா இருந்தாலோ எரிச்சல் இருந்தாலோ சொல்லணும், சைக்ளோபாஸ்பமைடு மூத்திரப்பைய புண்ணாக்கலாம், அதுக்குத்தான் தண்ணி நிறைய குடிக்க சொல்றது.

சாப்பாடு விஷயம். வார்டுல நான் பாத்த சண்டைல பாதிக்கு மேல இதான். அவங்கள நேசிக்கறவங்களுக்கு கைல செய்யறதுக்கு வேற எதுவும் இல்ல, நோய நிறுத்த முடியாது, ஊசி போட முடியாது, ஒரு தட்ட கொண்டு போய் வைக்க முடியும், அத அவங்க தள்ளி விட்டா நம்மளையே தள்ளி விட்ட மாதிரி இருக்கும். ஆனா அவங்க பக்கத்துலருந்து பாருங்க, வாயெல்லாம் இரும்பு சுவை, வாசனை வந்தாலே குமட்டுது, தொண்டை வரைக்கும் நிறைஞ்ச மாதிரி இருக்கு, அப்ப ஒருத்தர் வந்து தட்டோட நின்னு "ரெண்டு வாய், எனக்காக"ன்னு சொல்றார். தெரிஞ்சத தெளிவா சொல்றேன், ஏசி ஏறின முதல் நாலஞ்சு நாள் கம்மியா சாப்பிட்டா அதனால ட்ரீட்மென்ட் கெட்டுப்போகாது, அந்த நாள்ல தண்ணி, ஏதாவது திரவம் உள்ள போறதுதான் முக்கியம். சொல்லப்போனா மார்பகப் புற்றுநோய் கீமோல எடை ஏறிடறவங்க நிறைய பேர். எடை சைக்கிளுக்கு சைக்கிள் இறங்கிட்டே போனா அது வேற, அப்ப டயட்டீஷியன கேளுங்க.

இன்னொரு விஷயம், நிறைய பேர் இத தப்பா பண்ணிடறாங்க. அவங்களுக்கு ரொம்ப பிடிச்சத கீமோ அன்னிக்கும் மறுநாளும் செஞ்சு குடுக்காதீங்க. 1978ல ஐலீன் பெர்ன்ஸ்டீன்னு ஒரு சைக்காலஜிஸ்ட், கீமோவுக்கு முன்னாடி குழந்தைகளுக்கு ஒரு புது சுவை ஐஸ்கிரீம் குடுத்து பாத்தாங்க, பின்னாடி அதே ஐஸ்கிரீம காட்டினா அந்த குழந்தைங்க வேணாம்னு ஒதுக்கினாங்க, குமட்டலையும் அந்த சுவையையும் மூளை முடிச்சு போட்டுடுது. கீமோவாலதான் குமட்டுதுன்னு நமக்கு தெரிஞ்சாலும் மூளை கேக்காது. அதனால பிடிச்சதெல்லாம் மூணாவது வாரத்துக்கு எடுத்து வைங்க, நல்ல நாள்ல குடுங்க. கெட்ட நாள்ல ஆறின சாப்பாடா குடுங்க, சூடா இருந்தா வாசனை தூக்கும், ஸ்பூன் பிளாஸ்டிக்கா இருந்தா இரும்பு சுவை கொஞ்சம் அடங்குதுன்னு பலர் சொல்றாங்க, சின்ன கிண்ணத்துல அவங்க கை எட்டற இடத்துல வச்சிட்டு ரூம விட்டு வெளிய வந்துடுங்க. நின்னு பாக்காதீங்க. வாய்ப்புண் இருந்தா மிருதுவான பிரஷ், ஆல்கஹால் இல்லாத மவுத்வாஷ், காரமும் புளிப்பும் வேணாம். மலச்சிக்கல் மூணு நாள தாண்டினா நர்ஸ்கிட்ட சொல்லி மாத்திரை வாங்குங்க, வெள்ளை அணுக்கள் கம்மியா இருக்கற நாள்ல எனிமாவோ ஆசனவாய் மாத்திரையோ நீங்களா வைக்கக்கூடாது. யாராவது கொண்டு வந்து குடுக்கற மூலிகை, பவுடர், சத்து மாத்திரை எதுவா இருந்தாலும் டாக்டர்கிட்ட காட்டாம குடுக்காதீங்க, சிலது கல்லீரல்ல கீமோ மருந்தோட மோதும், எது மோதும் எது மோதாதுன்னு எல்லாத்துக்கும் ஆராய்ச்சி இல்ல, அதனாலதான் நிறுத்தி வைக்க சொல்றோம். சர்க்கரை சாப்பிட்டா கேன்சர் வளரும்னு அவங்க கைலருந்து தட்ட பிடுங்கறவங்களையும் பாத்திருக்கேன், தயவுசெஞ்சு அத பண்ணாதீங்க, உடம்புல எல்லா செல்லும் குளுக்கோஸ் எடுக்கும், இனிப்ப நிறுத்தினா கட்டி பட்டினி கிடந்து சுருங்கும்னு நிரூபணம் கிடையாது.

தூக்கமும் சோர்வும். கீமோ சோர்வு நம்ம வேலை செஞ்சு களைச்சு வர்ற சோர்வு மாதிரி இல்ல, தூங்கி எழுந்தாலும் போகாது. ஹீமோகுளோபின் குறைஞ்சிருக்கான்னு டாக்டர் பாப்பாங்க, தைராய்டு பாப்பாங்க, ஒண்ணுமில்லன்னா நம்ப கஷ்டமா இருந்தாலும் இதுக்கு இருக்கறதுலயே நல்ல ஆதாரம் உள்ள மருந்து நடைதான். பத்து நிமிஷம், மெதுவா, முடிஞ்ச நாள்ல. ஆனா நீங்க கோச் ஆகிடாதீங்க, "டாக்டர் நடக்க சொன்னார்ல"ன்னு ஆரம்பிச்சா அது அடுத்த தட்டு சண்டை ஆகிடும். நான் நடக்கப் போறேன், வர்றியான்னு செருப்ப மாட்டிட்டு கேளுங்க, வரலன்னா நீங்க போயிட்டு வாங்க, உங்களுக்கும் காத்து வேணும்.

"பாசிட்டிவா இரு"ங்கற பேச்சு. சிலருக்கு கோவம் வரலாம், ஆனா சொல்லியே ஆகணும். மனசு தைரியமா இருந்தா கேன்சர் ஓடிடும்ங்கறது நமக்கு எல்லாம் ரொம்ப பிடிச்ச நம்பிக்கை. 1989ல டேவிட் ஸ்பீகல்னு ஒரு மனநல டாக்டர், பரவின மார்பகப் புற்றுநோய் இருந்த பெண்கள்ல குழுவா உக்காந்து மனசு விட்டு பேசினவங்க அதிக நாள் வாழ்ந்தாங்கன்னு எழுதினார், உலகமே சந்தோஷப்பட்டுச்சு. 2001ல கனடால பமீலா குட்வின் குழு அதையே 235 பேர வச்சு செஞ்சு பாத்தாங்க, ஆயுள் கூடல, மன உளைச்சலும் வலியும் குறைஞ்சுது. அப்புறம் ஸ்பீகலே திருப்பி செஞ்சப்பவும் மொத்தமா பாத்தா ஆயுள் கூடல. 2007ல ஜேம்ஸ் காயின்னு ஒரு சைக்காலஜிஸ்ட் தலை கழுத்து கேன்சர் இருந்த 1,093 பேரோட தகவல பாத்தார், மனநிலை நல்லா இருந்ததுக்கும் உயிரோட இருந்த காலத்துக்கும் தொடர்பே கிடைக்கல. நான் இத சோகமான செய்தியா பாக்கல. உங்க வொய்ஃப் அழலாம், பயப்படலாம், "எனக்கு முடியல"ன்னு கத்தலாம், அதனால மருந்து வேலை செய்யறது நிக்காது. அந்த சுமைய அவங்க மேல வைக்கறவங்கதான் ஜாஸ்தி, நீங்களாவது எடுத்து கீழ வச்சிடுங்க. "செத்துப்போயிடுவேனோன்னு பயமா இருக்கு"ன்னு அவங்க சொன்னா, "அப்படியெல்லாம் பேசாத"ன்னு வாய மூட வைக்காம "எனக்கும் பயமா இருக்கு"ன்னு சொல்லிப் பாருங்க. அதுக்கப்புறம் வர்ற பேச்சு வேற மாதிரி இருக்கும்.

ஆனா ஒரு கோடு இருக்கு. அஞ்சாவது நாள் அழுகை வேற, மூணாவது வாரம் உடம்பு தேறின நாள்லயும் எதுலயும் ஆசை இல்லாம, யாரையும் பாக்க பிடிக்காம, ரெண்டு வாரத்துக்கு மேல அப்படியே இருந்தாங்கன்னா, "தூங்கி எந்திரிக்காமலே போயிட்டா நல்லாருக்கும்"னு சொன்னாங்கன்னா, அது டிப்ரஷனா இருக்கலாம், அதுக்கு ட்ரீட்மென்ட் இருக்கு, கீமோவோட சேத்தே குடுக்கலாம். உயிர விடற பேச்சு வந்தா ரெண்டு வாரமெல்லாம் பாத்துட்டிருக்க வேணாம், அன்னிக்கே டாக்டர்கிட்ட சொல்லுங்க, அவங்கள தனியா விடாதீங்க. இத தூரத்துலருந்து என்னால பிரிச்சு சொல்ல முடியாது, உங்க நோட்டு சொல்லும், நல்ல நாள் நல்லா இருக்கா இல்லையான்னு.

எரிஞ்சு விழறதுக்கு மருந்து மட்டும் காரணம்னு சொல்லி உங்கள தப்பிக்க விடவும் மாட்டேன். ஒரு அம்மா என்கிட்ட குனிஞ்சு ரகசியமா சொன்னாங்க, "சிஸ்டர், இவர ஒரு அரை மணி நேரம் வெளிய அனுப்புங்களேன், மூச்சு முட்டுது"ன்னு. அவர் நல்ல மனுஷன், தலகாணிய சரி பண்ணுவார், தண்ணி குடுப்பார், அந்தம்மா வாய திறக்கறதுக்குள்ள டாக்டருக்கு பதில் சொல்லிடுவார், அவங்க மொபைல எடுத்து அவரே பேசிடுவார். அந்த அம்மா ஒரு மாசம் முன்னாடி வரைக்கும் ஒரு ஆபீஸயே நடத்தினவங்க. நோய் வந்ததுலருந்து அவங்க கைலருந்து ஒவ்வொண்ணா போகுது, மிச்சம் இருக்கறதையும் அன்பா இருக்கறவங்க எடுத்துக்கறாங்க. நீங்க எதெல்லாம் அவங்ககிட்ட கேக்காம எடுத்துக்கிட்டீங்கன்னு ஒருதடவ யோசிங்க. கேட்டுட்டு செய்யுங்க, "உனக்கு இப்ப நான் பேசணுமா, ஏதாவது செய்யணுமா, இல்ல சும்மா பக்கத்துல இருக்கணுமா"ன்னு. கேக்காமலே செய்ய வேண்டியது எதுன்னா வீட்டு வேலை, பில்லு, இன்சூரன்ஸ் பேப்பர், பிள்ளைங்க இருந்தா அவங்க ஸ்கூல், அப்புறம் விசாரிக்க வர்ற போன். இந்த போன் ஒரு தனி சித்திரவதை, ஒவ்வொருத்தரும் தெரிஞ்சவங்க ஒருத்தர் செத்த கதைய சொல்லிட்டு வைப்பாங்க. வாரத்துக்கு ஒரு மெசேஜ் எல்லாருக்கும் ஒண்ணா போடுங்க, அதுல என்ன எழுதலாம்னு மட்டும் வொய்ஃப்கிட்ட கேட்டுக்கங்க.

முடி இந்நேரம் கொட்டியிருக்கும், முதல் ஏசி முடிஞ்சு 2, 3 வாரத்துல போயிடும். "முடிதானே, வளந்துடும்"னு சொல்லியிருந்தீங்கன்னா அது உண்மைதான், கீமோ முடிஞ்ச சில வாரத்துலருந்து வளர ஆரம்பிக்கும், முதல்ல சுருட்டையா கூட வரலாம், ஆனா அந்த வாக்கியம் யாருக்கும் உதவினத நான் பாத்ததில்ல. புருவமும் இமையும் போறப்போதான் சிலர் உடைஞ்சு போறாங்க, கண்ணாடில தெரியறது நோயாளி முகமா ஆகிடுது. நீங்களும் மொட்டை அடிச்சுக்கலாமான்னு நினைச்சா முதல்ல அவங்கள கேளுங்க, சிலருக்கு பிடிக்கும், ஒரு அம்மா "வீட்ல ஒரு தலையாவது ஒழுங்கா இருக்கட்டுமே"ன்னு சொல்லிட்டாங்க.

இத கேக்க கூச்சப்படுவீங்க, நானே சொல்லிடறேன். கட்டிப்பிடிக்கலாம், ஒரே கட்டில்ல படுக்கலாம், முத்தம் குடுக்கலாம், கேன்சர் ஒட்டாது. உங்களுக்கு சளி காய்ச்சல் இருந்தா மட்டும் தள்ளி இருங்க. கீமோ ஏறின முதல் 48 மணி நேரம், சில இடத்துல 72ம்பாங்க, வாந்தி சிறுநீர் மலத்துல மருந்து கொஞ்சம் வெளிய வரும், அத சுத்தம் பண்றப்ப கிளவுஸ் போடுங்க, டாய்லெட்ட மூடி ஃபிளஷ் பண்ணுங்க. வீட்ல இருக்கறவங்களுக்கு இதனால பாதிப்பு வந்துதுன்னு உறுதியான ஆதாரம் இருக்கறதால சொல்லல, முன்னெச்சரிக்கைதான். உறவு வச்சுக்க அவங்களுக்கு விருப்பம் இருந்தா அந்த நாள்ல காண்டம் கண்டிப்பா. மாதவிலக்கு நின்னுட்டாலும் கரு தங்க வாய்ப்பிருக்கு, கீமோ நடக்கும்போது தங்கவே கூடாது, ஹார்மோன் கருத்தடை மாத்திரை இந்த நோய்க்கு ஆகாது, அதனால கீமோ காலம் முழுக்கவே காண்டம் மாதிரி ஹார்மோன் இல்லாத வழிதான். விருப்பமே இல்லன்னா, வறட்சி, வலி, திடீர் திடீர்னு உடம்பு கொதிக்கறது எல்லாம் கருமுட்டைப்பை ஓஞ்சு போறதால வர்றது, உங்க மேல வெறுப்புன்னு எடுத்துக்காதீங்க. கைய மட்டும் பிடிச்சுக்கிட்டு தூங்கற மாசங்கள் இருக்கும்.

பாக்லிடாக்சல் ஆரம்பிச்சா இந்த நோட்டு வேற மாதிரி ஆகும். வாந்தி ரொம்ப குறைஞ்சிடும், "அப்பாடா"ன்னு இருக்கும். முதல் ஒண்ணு ரெண்டு தடவ ஏறும்போது ஆரம்ப நிமிஷங்கள்ல அலர்ஜி வரலாம், அதுக்குத்தான் முன்னாடியே ஊசி போட்டு, பக்கத்துலயே நிப்போம். இதுல கவனிக்க வேண்டியது விரல் நுனியும் பாதமும், மரத்துப் போறது, ஊசி குத்தற மாதிரி இருக்கறது. சட்டை பட்டன் போட திணறறாங்களா, செருப்பு கழண்டு போறது தெரியாம நடக்கறாங்களான்னு நீங்க பாக்கணும், ஏன்னா அவங்க சொல்ல மாட்டாங்க. சொன்னா டோஸ குறைச்சிடுவாங்க, நோய் திரும்பிடும்னு பயந்து மறைக்கறவங்க அவ்வளவு பேர். மறைச்சு 12ம் முடிச்சா அந்த மரப்பு சிலருக்கு வருஷக்கணக்கா நிக்கும், டாக்டருக்கு தெரிஞ்சா இடையில சரி பண்ண வழி இருக்கு. கைக்கு ஐஸ் கிளவுஸ் போட்டா தடுக்குமான்னு கேப்பாங்க, சில ஆய்வுல நல்லா வந்திருக்கு, சிலதுல இல்ல, உங்க சென்டர்ல இருந்தா போட்டுப் பாக்கலாம்ங்கறது என் கருத்து, இல்லன்னா அதுக்காக வருத்தப்பட வேணாம்.

உங்களப் பத்தி நீங்க ஒரு வரிகூட எழுதல. கடைசியா எப்ப ஆறு மணி நேரம் தூங்கினீங்க? ஆபரேஷன், ரேடியேஷன்னு கணக்கு போட்டா இது இன்னும் பல மாசம் ஓடற வேலை, இதே வேகத்துல உங்களால ஓட முடியாது. யாராவது "ஏதாவது உதவி வேணும்னா சொல்லுங்க"ன்னு சொன்னா "ஒண்ணுமில்ல"ன்னு சொல்லாதீங்க, "வியாழக்கிழமை மத்தியானம் 2 மணி நேரம் வந்து கூட இருங்க"ன்னு நாளும் நேரமும் சொல்லி கேளுங்க. அந்த 2 மணி நேரம் தூங்குங்க, இல்ல யாராவது ஃப்ரெண்டுகிட்ட போய் அழுதுட்டு வாங்க.

மூணாவது சைக்கிளுக்கு போறதுக்கு முன்னாடி அந்த நோட்டோட முதல் பக்கத்துல இந்த கேள்விகள எழுதி வைங்க. ஒலான்சபின் எத்தனை மில்லிகிராம் போகுது, பகல்ல இவ்வளவு தூக்கம் தள்ளுதே, குறைக்க முடியுமா, 10க்கு பதிலா 5 குடுத்தும் வாந்தி அடங்குதுன்னு ஆய்வுகள் இருக்கு, ஆனா உங்க வொய்ஃபுக்கு ஆகுமான்னு டாக்டர்தான் சொல்லணும். டெக்ஸாமெதசோன் மாத்திரைய காலைலயே முடிச்சிடலாமா, ராத்திரி தூக்கமாவது வரும். வயிறு போக முதல் நாள்லருந்தே ஏதாவது குடுக்கலாமா. ராத்திரில காய்ச்சல் வந்தா எந்த நம்பருக்கு கூப்பிடணும், யாரு எடுப்பாங்க. எழுதிட்டு அவங்ககிட்ட காட்டுங்க, அவங்க வேற ஏதாவது சேக்கணும்னா சேக்கட்டும், எதையாவது அடிக்கணும்னா அடிக்கட்டும். டாக்டர் ரூமுக்குள்ள போனதும் நோட்ட அவங்க கைல குடுத்துட்டு, நீங்க பக்கத்து சேர்ல பேசாம உக்காருங்க.